மாமா தேடிய மதர்போர்ட்

அந்த வருடத்துச் சித்திரை இடி எங்கள் வீட்டுக்குள் புகுந்து என்னுடைய கொம்பியூட்டரை மட்டும் பார்த்து அடித்துவிட்டுப் போனது. டீவிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுத்துப் பிழைக்கிற எனக்குச் சோறு போடும் அந்தப் பெட்டிதான் மேசைக்கடியில் கருகல் வாடையோடு செத்துக் கிடந்தது.

வேறொரு வருடமாக இருந்திருந்தால் மறுநாளே கண்டி டவுனுக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கியிருப்பேன். நாட்டில் டொலர் இல்லாமற்போன வருடம் அது. கொம்பியூட்டர் கடைகளின் கண்ணாடி அலுமாரிகளில் வெறும் அட்டைப் பெட்டிகளைத்தான் அழகாக அடுக்கி வைத்திருந்தார்கள். எதைக் கேட்டாலும் கப்பல் வரட்டும் என்றார்கள். ஆனால் பெட்ரோல் இல்லை, கேஸ் இல்லை என்பதற்காக யாரும் கல்யாணத்தைத் தள்ளிப்போடவில்லை. கட்டுகஸ்தோட்டையில் நடந்த ஒரு கல்யாணத்தின் வீடியோ முழுவதும் என் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. நல்லகாலம், இடி அதைத் தொடவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் கனடாவுக்குப் பறப்பதற்குள் வீடியோ கையில் வேண்டும் என்று பெண்ணின் அம்மா காலையும் மாலையும் போன் எடுத்துக்கொண்டிருந்தார்.

என் கணவருக்குக் கொழும்பில் வேலை. பஸ் கிடைக்கிற கிழமைகளில் வருவார். குண்டசாலை வீட்டில் நானும் மாமாவும்தான். மாமா என்றால் கணவரின் அப்பா. வாழ்நாள் முழுவதும் மலைத் தோட்டங்களில் தேயிலைத் தூள் தயாரிப்பைப் பொறுப்பாகப் பார்க்கிற ஃபெக்டரி டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். ஃபெக்டரியில் எந்த மெஷினின் தகட்டிலும், இதற்குமேல் ஓட்டாதே என்று எழுதியிருக்கிற எண்ணை அவர் மதித்ததில்லையாம். அது பயந்தவன் போட்ட கணக்கு என்பார். ஓய்வுபெற்ற பிறகு அந்தக் கை சும்மா இருக்குமா? மகனுடைய போனைப் பழுது பார்த்தார், என் மிக்சரைப் பழுது பார்த்தார். அந்த மிக்சர் இப்போது தேங்காய்ச் சட்னியைச் சுவரில் அரைக்கிறது.

அவர்தான் அலுமாரிக்குப் பின்னாலிருந்து என் கணவர் படிக்கிற காலத்தில் பாவித்த பழைய கொம்பியூட்டரை இழுத்து எடுத்தார். திறந்து பார்த்தோம். ப்ரொசெசர் நன்றாக இருந்தது. அது உட்கார்ந்திருக்கிற பெரிய பலகை, அதாவது மதர்போர்ட், போய்விட்டிருந்தது. அதிலுள்ள சின்னச் சின்ன உருளைகள் தலை உப்பி, சில வெடித்துமிருந்தன. பழைய போர்ட் ஒன்று வாங்கி மாட்டினால் போதும், வேகம் குறைந்தாலும் வேலை நடக்கும் என்று எனக்கு உயிர் வந்தது.

அந்த நிம்மதி அடுத்த நாள் காலைச் சாப்பாடு வரைதான். மாமா ராத்திரி முழுக்கப் போனில் எதையெதையோ பார்த்திருக்கிறார்.

"பேருக்குத்தாம்மா இது ரெண்டு கோர். உள்ளுக்கு நாலு இருக்கு. ரெண்ட பூட்டி வச்சிருக்கான்."

கோர் என்பது ப்ரொசெசருக்குள் இருக்கிற மூளை. இரண்டு இருந்தால் இரண்டு பேர் வேலை செய்கிற மாதிரி, நாலு இருந்தால் நாலு பேர்.

"யாரு மாமா பூட்டினது?"

"செஞ்ச கம்பெனிக்காரன்தான்."

"எதுக்கு?"

"ஃபெக்டரியில நாங்க செய்யலியா? ஏலத்துல சின்னத் தூள கேக்கிற ஆள் கூடிப் போனா, நல்ல பெரிய தூளையும் வெட்டி அதே பேருல அனுப்புவோம். அது மாதிரிதான் இது. ரெண்டு கோருக்கு ஓடர் கூடியிருக்கும், நாலு கோருல ரெண்ட மூடி வித்திருப்பான். சிலதுல உண்மையிலேயே ரெண்டு பழுதாவும் இருக்கும். எல்லாத்துலயும் இல்ல."

"நம்ம வீட்டுல இருக்கிறது பழுதா இருந்தா?"

"தொறந்து பாத்தாத்தானே தெரியும்."

அதைத் திறக்க எல்லா மதர்போர்ட்டும் உதவாது என்று அவரே சொன்னார். அந்தப் பூட்டைத் திறக்கிற ஒரு குறிப்பிட்ட சிப் போர்ட்டில் இருக்க வேண்டும். போர்ட்டின் பயோஸ், அதாவது மெஷினை எழுப்புகிற உள் புரோகிராம், பழையதாக இருக்க வேண்டும், ஏனென்றால் புதியவற்றில் அந்த வசதியைக் கம்பெனிகளே எடுத்துவிட்டன. அதற்குமேல், கோர்களைத் திறந்ததும் மாமா வேகத்தையும் கூட்டப் போகிறார். ஆகவே மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற பகுதி தடிப்பாக, மேலே அலுமினியத் தகடு வைத்ததாக இருக்க வேண்டும். இத்தனையும் பொருந்திய பழைய போர்ட் ஒன்றை, ஒரு பனடோல் மாத்திரைக் கார்டுக்குக் கடை கடையாக ஏறி இறங்கிய காலத்தில், கண்டியில் தேட வேண்டும்.

"மாமா, எனக்கு ஓடுற மெஷின் ஒண்ணு இருந்தா போதும்."

"ஓடத்தான் போகுது. நல்லா ஓடட்டுமே."

முதலில் கண்டி டவுனுக்குப் போனோம். பஸ்ஸில் நிற்பதற்கே இடமில்லை. மார்க்கெட்டுக்குப் பின்னால் மாடிப்படியேறிப் போகிற ஒரு பழைய சாமான் கடை. சிங்களக் கடைக்காரர் எங்கள் ப்ரொசெசரை வாங்கிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு போர்ட் கொண்டுவந்தார். எங்கள் கண்முன்னாலேயே மாட்டி, திரையில் எழுத்து வரவைத்தும் காட்டினார். எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. கைப்பையைத் திறந்துவிட்டேன்.

மாமா சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். போர்ட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, மூக்கு உரசுகிற மாதிரி ஒவ்வொரு சிப்பாக வாசித்தார். பிறகு அதைப் பக்குவமாக மேசையில் வைத்தார்.

"இது அது இல்லம்மா."

"ஓடுதே மாமா."

"ஓடும். ரெண்டுலதான் ஓடும்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா படியிறங்கிக்கொண்டிருந்தார். ஓடுகிற போர்ட் கண்முன்னால் இருந்தும் கைப்பையை மூடிக்கொண்டு பின்னால் போன என்மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். அவர் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை. மகாவலிப் பாலத்தைத் தாண்டும்போது, பிலிமத்தலாவையில் ஒரு கடை இருக்கிறதாம் என்றார்.

பிலிமத்தலாவைக் கடையில் அந்தச் சிப் இருக்கிற போர்ட்டே கிடைத்தது. பூதக்கண்ணாடியை எடுத்ததும் மாமாவின் முகம் மலர்ந்தது. எனக்கும் மலர்ந்தது. பிறகு அவர் விரலால் ஓரிடத்தைத் தடவிப் பார்த்தார். மின்சாரப் பகுதிக்கு மேல் தகடு இல்லை.

"வேகம் கூட்டினா இது வெந்து போயிடும்."

"அப்ப கூட்டாதீங்க."

"கூட்டாம இருக்கிறதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?"

இவ்வளவு தூரம் எதற்காக வந்தோம் என்பதில் எங்களுக்குள் இருந்த வித்தியாசம் அந்தக் கடை வாசலில்தான் எனக்கு முழுதாக விளங்கியது. ராத்திரி கணவருக்குப் போன் எடுத்துக் கொட்டித் தீர்த்தேன். "அப்பா அப்படித்தான், நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்" என்றார். அவரையும் அந்தப் பழைய கொம்பியூட்டரோடு சேர்த்து அலுமாரிக்குப் பின்னால் வைக்கலாம் போலிருந்தது.

மாமா அதற்குள் போனில் ஏதோ ஒரு வாங்கல் விற்றல் குழுவில் போய், தகடு வைத்த அந்தப் போர்ட் யாரிடமாவது இருக்கிறதா என்று எழுதியிருந்தார். கெலிஓயாவில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிற ஒருவர், "இருக்கு, ஆனா விக்கிறதுக்கு இல்ல" என்று பதில் போட்டிருந்தார். மாமா அதில் முதல் சொல்லை மட்டும் வாசித்துவிட்டு, காலையிலேயே வேட்டியை மாற்றிக்கொண்டு நின்றார்.

கெலிஓயாக் கடையில் சனம் நெரிந்தது. எல்லோரும் நாட்டை விட்டுப் போவதற்குப் பாஸ்போர்ட் எடுக்கிற நேரம். விண்ணப்பம் நிரப்பவும் கொப்பி அடிக்கவும் வரிசை நின்றது. கடைக்காரர் தொப்பி போட்ட, அமைதியான முஸ்லிம் மனிதர். ஐம்பது வயதிருக்கும்.

"வாங்கொ ஐயா, இரிங்கொ," என்று கதிரையைத் தள்ளிப் போட்டார். "நான் செல்லித்தானே ஈக்கி, விக்கிறல்ல எண்டு. இந்த மெஷின் இல்லாட்டி என்ட கடைய மூடோணும்."

"விக்க வேணாம்," என்றார் மாமா. "மாத்திக் குடுங்க. ஓடுற போர்ட் ஒண்ணு நான் கொண்டாந்து, உங்க கண்ணு முன்னாலயே மாட்டித் தாறேன். உங்க வேலைக்கு அது தாராளம். இது எனக்கு."

"அப்ப இதுல அப்படி என்னத்த ஈக்கி?"

மாமா சொன்னார். தேயிலைத் தூள், ஏலம், பூட்டிய கோர் எல்லாம் சொன்னார். வரிசையில் நின்றவர்களும் கேட்டார்கள். கடைக்காரர் பயோஸை ஒருநாளும் மாற்றியதில்லை என்று தெரிந்ததும் மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தொடாம வச்சிருக்கீங்களே, அதுதான் பெரிய விஷயம்."

கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். "மகள், ஒங்களுக்கு இது வெளங்குதா?"

"எனக்கு மெஷின் ஓடினா போதும்," என்றேன்.

"எனக்கும் அதான். ஓடுற ஒண்ட கொண்டாங்கொ, மாத்துவம்," என்றார் அவர். அந்த ஊரிலேயே என்னைப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் அவர்தான் என்று தோன்றியது.

கொண்டுவருகிறேன் என்று மாமா வாக்குக் கொடுத்த அந்த 'ஓடுற போர்ட்' எது? கண்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் மாடிப்படியேறிப் போகிற கடையில், மாமா வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்த அதே போர்ட். மறுபடி படியேறினோம். கடைக்காரர் எங்களைக் கண்டதும் சிங்களத்தில் ஒன்றுதான் கேட்டார்: போன கிழமை சரியில்லாதது இந்தக் கிழமை சரியாகிவிட்டதா? மாமா காது கேட்காத மாதிரி நின்றார். நான்தான் சிரித்துச் சமாளித்து, காசைக் கொடுத்துப் போர்ட்டை வாங்கினேன்.

அடுத்த நாள் கெலிஓயாவில் மாமா கடைக் கொம்பியூட்டரைக் கழற்றிப் போட்டார். கொஞ்ச நேர வேலை என்றுதான் சொன்னார். பழைய பசை காய்ந்து ப்ரொசெசர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு திருகாணி உருண்டு மேசைக்கடியில் போனது. வரிசை வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போனது. கடைக்காரர் அடிக்கடி மணிக்கூட்டைப் பார்த்தார். எனக்குப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு பேனையை எடுத்துக்கொண்டு முன்மேசையில் உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் பாஸ்போர்ட் விண்ணப்பத்தைக் கையால் நிரப்பத் தொடங்கினேன். கம்பளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெண் குவைத்துக்குப் போகிறாளாம். கைக்குழந்தையைத் தங்கையிடம் விட்டுவிட்டுப் போவதாகச் சொன்னாள். தகப்பன் பெயர், பிறந்த இடம், உயரம் எல்லாம் எழுதினேன். கட்டுகஸ்தோட்டைக் கல்யாணப் பெண்ணின் அம்மா அந்த நேரத்தில் இரண்டு தடவை போன் எடுத்தார். எடிட்டிங் நடந்துகொண்டிருக்கிறது என்று சொன்னேன். எதிரில் நின்ற பெண் என் முகத்தையே பார்த்தாள்.

பின்னேரம் கடை மெஷின் ஓடியது. கடைக்காரர் ஒரு விண்ணப்பத்தை அச்சடித்துப் பார்த்துவிட்டுத்தான் பழைய போர்ட்டைச் சுற்றிக் கொடுத்தார். எனக்கு ஒரு பார்சல் இனிப்பு வட்டிலாப்பமும் கொடுத்தார். "தங்கமான கையெழுத்து மகள், வேல வேணுமெண்டா வாங்கொ" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வீட்டில் மாமா போர்ட்டை மாட்டினார். பயோஸுக்குள் போனார். கோர் திறக்கிற வரியைத் தேடிப் பிடித்து, கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு, என்னைக் கூப்பிட்டார். மெஷின் அணைந்து எழும்பியது. திரையில் நாலு கோர் என்று வந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும், எனக்கும் ஒரு கணம் புல்லரித்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கோர்களைத் திறந்தால் ப்ரொசெசரின் சூட்டைக் காட்டுகிற எண் வேலை செய்யாதாம். எப்போதும் பூச்சியம் என்றே காட்டியது. "சூடு பாக்க எனக்கு எதுக்கு நம்பர்?" என்று மாமா பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, தேயிலை காய்கிற அடுப்புக்கு முன்னால் நிற்கிற மாதிரி, தகட்டின் மேல் புறங்கையை வைத்து வைத்துப் பார்த்தார். கொஞ்சம் வேகம் கூட்டினார். தொட்டுப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

நான் கல்யாண வீடியோவை ஏற்றி வேலையைத் தொடங்கினேன். பறந்தது. பெண் அழைப்பு வரை பிரமாதம். தாலி கட்டுகிற இடத்தில் மாப்பிள்ளையின் முகம் பச்சைச் சதுரங்களாக உடைந்தது. மெஷின் அப்படியே நின்றுவிட்டது. மாமா வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார். மறுபடி தொடங்கினேன். இம்முறை தாலி கட்டினார்கள், அட்சதை போடும்போது நின்றது. இதற்கிடையில் கரண்ட் வெட்டு வேறு. கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் மாமாவின் பரிசோதனைக்கே போனது. வேகத்தைக் குறைப்பார், மின்னழுத்தத்தைக் கூட்டுவார், விசிறியைத் திருப்பி வைப்பார். ஒவ்வொரு தடவையும் "இப்ப பாரும்மா" என்பார். நான் பார்ப்பேன். பச்சைச் சதுரம்.

பெண்ணின் அம்மா மறுபடி போன் எடுத்து, பயணத்துக்கு மூட்டை கட்டியாகிவிட்டது என்றார். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மாமா என் மேசைக் காற்றாடியைக் கழற்றிப் பெட்டிக்குள் கட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, போதும்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நீங்க நாலு கோர தேடித் தேடி எனக்கு ஒண்ணுமில்லாம ஆக்கிட்டீங்க. ரெண்டுலயே தொடங்கியிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும். இது உங்க ஃபெக்டரி இல்ல. இது என் வேலை. நாளைக்கு அந்தப் புள்ளைங்க போறாங்க. பழைய மாதிரி ரெண்டுல வச்சுக் குடுத்திட்டு எழும்புங்க."

அவர் காற்றாடியைக் கீழே வைத்தார். சாப்பாட்டையும் அறைக்குள் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவரை அதட்டியது பாரமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னது ஒன்றும் பிழையில்லை என்று இன்றும் நினைக்கிறேன்.

விடியற்காலை நான் எழும்பி வரும்போது அவர் கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வேகம் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கியிருந்தார். ஒவ்வொரு கோராகத் தனித்தனியே திறந்து பரீட்சை பார்த்திருக்கிறார்.

"நாலாவது உண்மையிலேயே பழுதும்மா," என்றார் என் முகத்தைப் பாராமல். "அதத்தான் மூடியிருக்கான். மூணாவது நல்ல ஆளு. மூணுல வச்சிருக்கேன். வேகம் தொடல. நீ போடு."

இரண்டில்தான் வைக்கச் சொன்னேன் என்று வாய்வரை வந்தது. நேரமில்லை. போட்டேன். தாலி கட்டினார்கள், அட்சதை விழுந்தது, பெண் அழுதாள், கார் புறப்பட்டது. கரண்ட் வெட்டுக்குச் சற்று முன்னால் வேலை முடிந்தது. இரண்டு கோரில் அது முடிந்திருக்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும். மனிதர் முழுக்கப் பிழையாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

பென் டிரைவை நானே கட்டுகஸ்தோட்டைக்குக் கொண்டுபோனேன். வாசலில் வேன் நின்றது. பெண்ணின் அம்மா அதைக் கைக்குள் பொத்திக்கொண்டு, பார்க்கக்கூட நேரமில்லாமல் மகளின் கைப்பைக்குள் வைத்தார். பிறகு அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதார். இத்தனை நாள் போனில் என்னை விரட்டியவர் இவர்தானா என்று இருந்தது. வேன் போகும்வரை நானும் பக்கத்தில் நின்றேன்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகப் பயோஸுக்குள் போய் ஒரு கடவுச்சொல் போட்டேன். இனி யாரும் உள்ளே போய் எதையும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. மாமா அன்று பின்னேரமே கண்டுபிடித்துவிட்டார். குசினி வாசலில் வந்து நின்றார்.

"பூட்டிட்டியா?"

"பூட்டிட்டேன்."

"போர்ட்டுல ஒரு சின்ன பேட்டரி இருக்கு. அதக் கழட்டி மாட்டினா கடவுச்சொல் எல்லாம் போயிடும்."

நான் கரண்டியோடு திரும்பிப் பார்த்தேன்.

"தெரிஞ்சுக்கோன்னு சொன்னேன்," என்றார். "நான் கழட்ட மாட்டேன். அது கள்ளத்தனம்."

உண்மையாகவே கழற்றவில்லை. ஆனால் ஞாயிறுதோறும் டீயைக் குடித்து முடித்ததும், நாலாவதுக்கு மின்னழுத்தத்தை இன்னுமொரு சொட்டுக் கூட்டிக் கொடுத்தால் எழும்பிவிடும், ஒரேயொரு தரம் திறந்துவிடேன் என்று கேட்கிறார். மாட்டேன் என்கிறேன். அடுத்த ஞாயிறும் கேட்கிறார்.